நீலப்பொடிக் கோடு

இப்பிடி நெழலுக்கு வந்து உக்காருங்க சார். பேரையூர் பஸ்ஸு வர இன்னும் நேரம் கெடக்கு. அருவாளப் பாத்து ஒதுங்காதீங்க, நான் சும்மா தீட்டிக்கிட்டு இருக்கேன். முருங்கைக் கொப்பு கழிக்கணும். இன்னைக்குக் கழிக்க முடியாது, ஊருல திருவிழா, காப்பு கட்டியிருக்கு. பூசாரி கையில மஞ்சக் கயிறு ஏறிருச்சுன்னா அத அவுக்குற வரைக்கும் பச்சை மரத்துல இரும்பு படக்கூடாது, மனுச ரத்தம் மண்ணுல விழுகக்கூடாது. ஆத்தா பொறுக்க மாட்டா. நாளைக்கு விடிய அவுக்குறாங்க. அதான் இன்னைக்கே தீட்டி வைக்கிறேன்.

போர்டத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க? நானும் பாத்தேன், வெரல விட்டு தடவித் தடவிப் பாத்தீங்க. ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம்னு எழுதியிருக்குல்ல, அதுல ஒருங்கிணைந்தங்கிற எழுத்துக்கு நடுவால ஒரு வெட்டு, கிராமத்துல ஒரு வெட்டு. துரு இல்ல சார் அது. நான் வெட்டுனது. இந்தா, இதே அருவா. கோர்ட்டுல கேஸ் முடிஞ்சதும் எழுதிக் குடுத்து வாங்கிட்டு வந்துட்டேன். எங்கப்பன் அருவா, அவங்ககிட்ட எதுக்குக் கெடக்கணும்?

புது போர்டு வைக்கலாம்ல? வைக்க மாட்டாங்களாம். அந்த வெட்டு அப்பிடியே இருக்கட்டும்னு கமிட்டியில தீர்மானம் போட்டுருக்காங்க. போற வாரவன் எல்லாம் பாக்கணுமாம். என் தோப்பு வாசல்லயே கொண்டாந்து நட்டுருக்காங்க பாருங்க. இதுதான் வளர்ச்சி.

நான் கோவக்காரன் இல்ல சார். ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க, மொக்கச்சாமி எப்பிடின்னு. கேக்காதீங்க, அவிய்ங்க வேற மாதிரி சொல்லுவாய்ங்க. நானே சொல்லுறேன்.

இந்தா, நம்ம உக்காந்திருக்கோம்ல, இந்தப் பாலத்துக்கு அடியில ஓடுதே ஒரு கால்வாய், இதுக்குப் பேரு வரத்துக்கால். மலையில பேயுற தண்ணி இது வழியாத்தான் எங்க ஊருக் கம்மாய்க்கு வரும். வரும்னா, எங்கய்யா காலத்துல வந்துச்சு. அப்புறம் மழை எங்க பேஞ்சுச்சு? எங்கண்ணன் பெரியகாளை செத்ததுக்கு மறுவருசம் நான் இதை மூடிட்டேன். மூடிட்டேன்னா, தண்ணி வராத பள்ளம் காலா, தரையா? நீங்களே சொல்லுங்க. தரைதான. டிராக்டர விட்டு நெரவி, மேல முருங்கை வச்சேன். நானும் என் வீட்டுக்காரியும் ராப்பகலா கூடை கூடையா மண்ணு சொமந்தோம். ஒய்யம்மா அவ பேரு. நல்ல பாடுகாரி. அப்பக்கூட ஒரு வார்த்தை சொன்னா, "கம்மாய்க்குக் கீழ உங்க மதினி நெலம் இருக்கே, தண்ணிக்கு அவுக எங்க போவாக?"ன்னு. ஓங்கி ஒண்ணு விட்டேன். அத்தோட அந்தப் பேச்சு நின்னுச்சு. வீட்டுக்குள்ள நடக்குறதுதான அது, அதுக்குப் பேரெல்லாம் சண்டையா?

மதினின்னா எங்கண்ணன் பொண்டாட்டி, சிட்டம்மா. காலையில உங்களுக்கு மாலை போட்டுச்சே, கமிட்டித் தலைவி. வலது கையத் துண்டுக்குள்ள வச்சிருந்துச்சுல்ல, அதுதான். கம்மாய் காஞ்சதும் மதினி நெலமும் காஞ்சுச்சு. ஊரு நெலமே காஞ்சுச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?

இப்பிடி இருக்கும்போதுதான் உங்க டிரஸ்டு வந்து எறங்குச்சு. ஜெபராஜுன்னு ஒருத்தரு, ஒல்லியா, தோள்ல ஒரு பையி. ஆட்டுக்கு ஊசி, கர்ப்பிணிக்குச் சத்துமாவு, கக்கூசு, பொம்பளைகளுக்குக் குழு, எல்லாத்தையும் ஒண்ணாச் செய்வோம்னாரு. செய்யட்டும். கம்மாயத் தூர் வாருவோம்னாரு. வாரட்டும். அம்புட்டையும் விட்டுட்டு, மொதல்ல ஊருப் படம் வரையணும்னாரு பாருங்க, அங்க புடிச்சது சனி.

காகிதத்துல வரைஞ்சா நான் ஏன் கேக்கப்போறேன்? தரையில வரையணுமாம். கோயிலுக்கு முன்னாடி பொட்டல்ல. பொம்பளைகதான் வரையணுமாம், ஆம்பளைக வாயத் தெறக்காம சுத்தி நிக்கணுமாம். கோலப்பொடியில தெரு, செங்கப்பொடியில வீடு, வீட்டுக்கு எத்தனை தலைன்னு புளியங்கொட்டை, தண்ணி வர்ற வழிக்கெல்லாம் நீலப்பொடி. எந்த ஊருலயாவது ஆம்பளை வாயப் பொத்திட்டு நிக்க, பொம்பளை ஊர அளப்பாளா?

அன்னைக்கு நான் உசிலம்பட்டிச் சந்தைக்குக் காய் ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். இருந்திருந்தா கதையே வேற. திரும்பி வந்து பாக்குறேன், பொட்டல்ல ஊரே படுத்துக் கெடக்கு. கோயிலு, தெரு, கம்மாய், என் வீடு, என் தோப்பு. தோப்பு மேல இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமா நீலமா ஒரு கோடு. முருங்கைக்கு நடுவால. மலையில ஆரம்பிச்சு நேரா கம்மாய்க்கு. வகுந்து போட்ட மாதிரி சார். என் வயித்தக் கிழிச்ச மாதிரி இருந்துச்சு.

எவ போட்டதுன்னு கேட்டேன். நூறு பொம்பளை இருந்தா இருநூறு நாக்கு இருக்கும், அன்னைக்கு ஒரு நாக்கும் அசையல. மதினி மட்டும் குத்தவச்சு, கோழி கெளறிவிட்ட எடத்துல நீலப்பொடியத் தூவிக்கிட்டு இருந்துச்சு. கையெல்லாம் நீலம். என்னை நிமிந்து பாத்துட்டு மறுபடி குனிஞ்சுக்கிச்சு. வேற என்ன சாட்சி வேணும் எனக்கு?

வீட்டுக்கு வந்தேன். ஒய்யம்மா சோறு போட்டா. அவ கையிலயும் லேசா நீலம். என்னடின்னேன். துணிக்கு நீலம் போட்டேன்னா. சரிதான், நான் வெள்ளை வேட்டியத் தவிர வேற கட்டுறதில்ல. கொழம்புல உப்பு இல்ல, தட்டைத் தூக்கி அவ மேல எறிஞ்சேன். கோவம் மதினி மேல. வெளிய காட்ட முடியாத கோவத்த வீட்டுலதான காட்டணும்?

ஜெபராஜு என்ன பண்ணாரு, படத்தப் பாத்துக் காகிதத்துல எழுதிக்கிட்டு, அம்மா இனி கூட்டிவிட்டுரலாம்னாரு. அவரு வெளியூரு, சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, அவருக்கு என்ன தெரியும்? மொத நாள் ராத்திரிதான் காப்பு கட்டியிருந்தாங்க. காப்பு கட்டுனப்புறம் ஆத்தா வாசல்ல எழுந்த கோலத்த மிதிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது, காப்பு அவுக்குற அன்னைக்குத்தான் கூட்டணும். அது எங்க ஊரு வழக்கம். பூசாரி வந்து பாத்தாரு, பொடியில போட்டிருக்கு, பொம்பளை கை போட்டிருக்கு, அப்ப இதுவும் கோலந்தான்னுட்டாரு. தீந்துச்சு சோலி. ஊரே அதைச் சுத்திக்கிட்டு நடக்குது. நானும் சுத்திக்கிட்டுத்தான் நடந்தேன். என் தோப்புல கோடு போட்டிருக்கு, நான் அதுக்கு ஒதுங்கி நடக்குறேன். இந்த அநியாயத்த யாருகிட்டச் சொல்ல?

காத்து அழிச்சிரும்னு நெனச்சேன். அழிக்கும். காலையில பாத்தா கோடு புதுசா இருக்கும். மதினி விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு வந்து போடுறான்னு எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரியும் வெள்ளனவே வாசத் தெளிக்க எந்திரிச்சுருவா, "யாருடி போடுறது, நீ பாத்தியா?"ன்னு கேட்டா, "நான் பாக்கல"ம்பா. என் ஆட்டை மொத்தமாப் பொட்டல் பக்கம் பத்திவிட்டேன். ஆடு மிதிச்சா அது என் பாவம் இல்லைல? பொம்பளைக வெளக்குமாத்தத் தூக்கிட்டு வந்து மறிச்சுட்டாளுக. அந்தக் கூட்டத்துல ஒய்யம்மாவும் நின்னா. ஊருக்காக நிக்கிறான்னு விட்டுட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் அவ தலைமுடியப் புடிச்சு வாசல் நெலையில ஒரு முட்டு முட்டுனேன், அம்புட்டுத்தான். ரத்தம் வரல. காப்பு கட்டியிருக்கு, அதெல்லாம் பாத்துத்தான் செய்வேன்.

உள்ளுக்குள்ள கொதிக்குது சார். பாக்குறவன் எல்லாம் சிரிக்கிற மாதிரி இருக்கு. டீக்கடையில ஒருத்தன், "என்ன மொக்கச்சாமி, தோப்புக்குள்ள ஆறு ஓடுதாமே"ன்னான். கிளாஸோட அவன் வாயில இடிச்சிருப்பேன். காப்பு. எல்லாத்துக்கும் காப்பு. கைய மடக்கி மடக்கி வச்சுக்கிட்டு நாளத் தள்ளுனேன். அருவாளத் தீட்டித் தீட்டி வச்சேன், இந்தா இதே மாதிரி.

காப்பு அவுக்குற அன்னைக்கு முளைப்பாரியக் கரைக்கக் கம்மாயில தண்ணி இல்ல. கெணத்துக்குக் கொண்டு போனாளுக. பூசாரி கையில கயிற அறுத்தாரு. அறுத்த கயிறு தரையில விழுகல, நான் பொட்டலுக்கு வந்துட்டேன்.

மொதல்ல போர்டு. அப்ப இது கோயில் பக்கத்துல நின்னுச்சு. ரெண்டு போடு போட்டேன், தகரம் கத்துச்சு. ஜெபராஜு ஓடியாந்து, "அண்ணே, வேணாம்ணே, பேசித் தீத்துக்கலாம்ணே"ன்னு கையக் கும்புட்டாரு. அருவாள ஓங்குனேன். செருப்ப விட்டுட்டு ஓடிட்டாரு. நல்ல மனுசன், அவரு மேல எனக்குப் பகையில்ல. வண்டிதான் நின்னுச்சு, அத ஒதைச்சுத் தள்ளி, டேங்க்கத் தெறந்து கொளுத்துனேன். ஊரே தூர நின்னு பாத்துச்சு. ஒரு பய கிட்ட வரல.

மதினி மட்டும் போகல. படத்துக்கு நடுவால, கம்மாய் இருக்குல்ல, அந்த எடத்துல உக்காந்து புளியங்கொட்டையப் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டு இருந்துச்சு. கூட்டுறதுக்கு முந்தி எடுத்துக்கிறணுமாம். வீட்டுக்கு வீடு தலை எண்ணிப் போட்ட கொட்டை, கால்ல மிதிபடக் கூடாதாம்.

"கோட்டை அழி"ன்னேன்.

"காப்பு அவுத்தாச்சு, இனி யாரும் அழிக்கலாம். நீங்களே அழிங்க கொழுந்தனாரே"ன்னுச்சு.

"போட்ட கைதான் அழிக்கணும்."

அப்ப மதினி நிமிந்து என் பின்னால பாத்துச்சு. யாரையோ பாத்துச்சு. பாத்துட்டு, "சரி, நான்தான் போட்டேன்னு வச்சுக்கங்க"ன்னுச்சு. வச்சுக்கங்களாம். என்ன திமிரு பாருங்க! அந்த வார்த்தையிலதான் எனக்கு வெறி ஏறுச்சு. நீலம் ஒட்டுன அந்தக் கைய நீட்டி, அழிக்க மாட்டேன்னு கோட்டு மேல வச்சுக்கிச்சு. நான் போட்டுட்டேன். ஒரே போடு. மூணு வெரலு தனியா விழுந்துச்சு, புளியங்கொட்டையோட கொட்டையா. நீலப்பொடி மேல ரத்தம் பாஞ்சு கோடு கறுத்துப் போச்சு. மதினி கத்தல சார். அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆத்தாமையா இருக்கு. வெட்டுப்பட்டவ கத்தலைன்னா வெட்டுனவனுக்கு என்ன மரியாதை?

கத்துனது என் வீட்டுக்காரி. எனக்குப் பின்னாலதான் நின்னிருக்கா. முந்தானையக் கிழிச்சு மதினி கையில சுத்திக்கிட்டே, "அந்தக் கை என்னய்யா பண்ணுச்சு, அந்தக் கை என்ன பண்ணுச்சு?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. ஒரகத்திகளுக்குள்ள பாசம்னு நெனச்சேன்.

போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. நான் லாக்கப்புல குந்தியிருக்கேன், இங்க மறுநாளே பொம்பளைக மம்பட்டியத் தூக்கிட்டு என் தோப்புக்குள்ள எறங்கிட்டாளுக. டிரஸ்டு சொல்லல, கலெக்டரு சொல்லல. பொட்டல்ல கோடு எப்பிடிப் போச்சோ அப்பிடியே தரையில வெட்டியிருக்காளுக. மொத மம்பட்டி யாரு போட்டது தெரியுமா? என் பொண்டாட்டி. வச்ச கையாலயே முருங்கையப் புடுங்கி எறிஞ்சிருக்கா. அப்புறம்தான் ஆம்பளைக போனாய்ங்க, அப்புறம்தான் உங்க டிரஸ்டு ஜேசிபி கொண்டாந்துச்சு. புஸ்தகத்துல மக்கள் பங்கேற்புன்னு போட்டுருக்கீங்களாம்ல? அந்தப் பங்கேற்புக்குக் காரணம் யாரு? நான் வெட்டாம இருந்தா அவளுக வெட்டியிருப்பாளுகளா? எழுதுங்க சார் இதை.

கோர்ட்டுல ஒய்யம்மா கூண்டுல ஏறுனா. எனக்காக ரெண்டு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். "அய்யா, கோட்டைப் போட்டது நான். வரத்துக்கால மூடுனப்ப மண்ணு சொமந்தவ நான், அது எங்க போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். தெனமும் விடியறதுக்குள்ள எழுந்து சரிபண்ணுனதும் நான். எனக்கு விழ வேண்டியத சிட்டம்மாக்கா வாங்கிக்கிட்டாக"ன்னா.

பொய்யின்னு நெனச்சேன் சார். ஆத்தா சத்தியமா. என் வீட்டுல என் சோத்தத் தின்னுக்கிட்டு, எனக்குத் தெரியாம அவ ஒரு கோடு போடுவாளா? மதினிதான் சொல்லிக் குடுத்து, என்னை ஊரு முன்னால கேவலப்படுத்தப் பேச வச்சிருக்கான்னு நெனச்சேன். உள்ள இருந்த அம்புட்டு வருசமும் அப்பிடித்தான் நெனச்சேன். செயில்ல இருக்கவிய்ங்ககிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன், என் பொண்டாட்டி வெள்ளந்தி, யாரோ கெடுத்துப்புட்டாங்கன்னு.

வந்து பாக்குறேன், ஒய்யம்மா மதினி வீட்டுல இருக்கா. ரெண்டு பேருமா கம்மாய்க்குக் கீழ நெல்லு போட்டுருக்காளுக. என் வீட்டுல சிலந்தி வலை. கூப்புட்டேன், வரல. கமிட்டியில சொன்னேன், "அது அவங்க இஷ்டம்"னுட்டாய்ங்க. பொண்டாட்டியே வராத ஊருக்கு என்ன வளர்ச்சி? தோப்பு மட்டும் எனக்கு. பாத்தீங்களா, கால்வாய்க்கு ரெண்டு பக்கமும் எப்பிடிக் காச்சுத் தொங்குதுன்னு? முந்தி இப்பிடிக் காய்க்காது. தண்ணியாலயாம், ஊருல சொல்லுறாய்ங்க. தண்ணி எல்லாருக்கும்தான் போகுது, அவிய்ங்க தோப்பு இப்பிடியா காய்க்குது? கைராசி சார்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன். போர்டுக்குக் கீழ நெலம் கொடுத்தவர் மொக்கச்சாமின்னு ஒரு வரி போட்டா என்ன? குடுத்தேனா இல்லையாங்கிறது வேற. நெலம் என்னுதுதான? மேல எடத்துல சொல்லிப் பாருங்க. சரி, அதை விடுங்க. இனி அதுவும் எதுக்கு.

காலையில நீங்களும்தான் இருந்தீங்களே. பத்தாவது வருசம்னு மறுபடியும் அதே பொட்டல்ல ஊருப் படம். மதினி ஒத்தக் கையால கோயிலப் போட்டுச்சு. நீலப்பொடிய எடுத்து ஒய்யம்மா கையில குடுத்துச்சு. அவ மலையில தொடங்குனா. தூவிக்கிட்டே குனிஞ்சபடி பின்னால பின்னால வந்தா, நிமிரவே இல்ல, நடுவுல நிறுத்தவே இல்ல. என் வீட்டு வாசல்ல இருவது வருசம் கோலம் போட்ட கை, எனக்குத் தெரியாதா? தோப்பு வந்ததும் ஒரு தடவை நிமிந்தா. கூட்டத்துக்குள்ள தேடி என்னைப் பாத்தா. பாத்துக்கிட்டே, தரையைப் பாக்காமலே, கோட்டைக் கொண்டு போய்க் கம்மாயில சேத்தா. கோணல் இல்ல. அன்னைக்குக் கெடந்த அதே கோடு. நீங்க எல்லாரும் கைதட்டுனீங்க. நீங்களும் தட்டுனீங்க சார், நான் பாத்தேன்.

இத்தனை வருசம் பாழாப் போச்சேன்னு இருந்துச்சு. பாவம், மதினி. அதுக்கு மூணு வெரலு போனது அநியாயம்தான, இன்னைக்குச் சொல்லுறேன். அது போடல. கோர்ட்டுல இவ சொன்னது நெசம்.

ஆளு மாறிப் போச்சு சார். வேற ஒண்ணும் இல்ல, ஆளு மாறிப் போச்சு.

நான் எந்திரிச்சு வந்துட்டேன். அங்க நின்னாக் கை நீண்டுரும், காப்பு கட்டியிருக்கு. என்ன இப்பிடி வேர்க்குது உங்களுக்கு? போன எதுக்கு எடுக்குறீங்க? அதை உள்ள வைங்க. இந்தப் பள்ளத்துல டவர் எடுக்காது, மேட்டுக்குப் போனாத்தான். அந்தா, பஸ்ஸும் வந்துருச்சு பாருங்க. ஏறுங்க, ஏறுங்க. உங்களுக்கு ரெண்டு கட்டு காய் குடுத்து விடணும்னு ஆசைதான், காப்பு அவுக்காம அருவாள வைக்க முடியாது. இன்னொரு நாளைக்கு வாங்க, தாராளமாத் தாரேன். நாளைக்கு மட்டும் வராதீங்க.